விசாரணைக்கு உள்ளான மரச்சீனிக் கறி

இந்த ஊரில் தேங்காயைப் பத்தை போட்டு விற்கிறார்கள். சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள மளிகைக் கடையில், தண்ணீர் ஊற்றிய கிண்ணத்துக்குள் தேங்காய்த் துண்டுகள் கிடக்கும். பெண்கள் வந்து ஒரு பத்தை வாங்கி, பொன்னைப்போலக் கைக்குள் பொத்திக்கொண்டு போவார்கள். ஒரு குடும்பத்தின் குழம்புக்கே அவ்வளவுதான் தேங்காய்! மார்த்தாண்டத்துக்காரியான நான் முதல் நாள், அது காக்கைக்கு வைக்கிற துண்டு என்றே நினைத்தேன். இரண்டு முழுத் தேங்காய் கேட்டதும் கடைக்காரர், "வூட்ல இன்னா விசேஷம்?" என்றார். "விசேஷம் ஒண்ணுமில்ல, கறிக்குத்தான்" என்றேன். அவர் நம்பவில்லை. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "மரச்சீனி உண்டா?" என்றும் கேட்டேன். "சீனியா? சக்கரைன்னு கேளும்மா. அது ரேஷன்லதான் கெடைக்கும்" என்றார். கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மரவள்ளிக்கிழங்குக்கு இன்னொரு பெயர் இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். தமிழ்நாட்டுக்குள்தானே போகிறோம் என்று நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். 1991 பிறந்ததும் அப்படி நம்பித்தான் நாங்கள் வந்தோம். என் கணவர் தங்கராஜுக்கு, நெடுஞ்சாலை ஓரத்தில் இரும்பு வார்ப்படத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர் வேலை. எனக்குக் கன்னியம்மா என்பவர் வீட்டின் பின்பக்கத்து ஒற்றை அறை. வைகாசியில் நான் கர்ப்பமானேன். இவர்கள் புளியைக் கரைத்து, மிளகாய்த்தூளைக் கொட்டிச் சிவக்கக் கொதிக்கவைத்து, குழம்பு என்று பெயரிட்டிருக்கிறார்களே, அதன் வாசனை கன்னியம்மா வீட்டிலிருந்து வந்தாலே நான் சாக்கடைப் பக்கம் ஓடுவேன். எது தின்றாலும் வாந்தி.

ஊரில் ஆனி, ஆடி மழை விடாமல் பெய்யும்போது அம்மா வேறொன்றும் சமைக்க மாட்டாள். கொல்லையில் ஒரு மூடு மரச்சீனியைப் பிடுங்கி, தோலை உரித்து, வேகவைத்துத் தண்ணீரை வடிப்பாள். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், மஞ்சள், நாலு சின்ன உள்ளி, இங்கே சின்ன வெங்காயம் என்கிறார்களே அது, எல்லாவற்றையும் அம்மியில் கொரகொரப்பாக அரைத்துக் கிழங்கின் மேல் போட்டுக் கிளறி, தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுவாள். குழையக் குழைய, சூடாக, வயிற்றுக்குள் அது இறங்கும்போது காய்ச்சலே ஆனாலும் பாதி போய்விடும். எனக்கு அது வேண்டும் என்று சொல்லி அழுதேன். தங்கராஜ் காஞ்சிபுரம் மார்க்கெட் வரை போய் அலைந்து, ஒரு சாக்குப்பையோடு வந்து வாசலிலேயே கத்தினார்: "பிள்ளே, மரச்சீனி கிட்டிச்சு!"

மறுநாள் அவர் வேலைக்குப் போனபின் சமைத்தேன். முதல் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டும்போது கன்னியம்மா வந்து நின்றார். "கெயங்கு வெந்த தண்ணியை ஏம்மா கொட்ற? நாங்கோ உப்புப் போட்டு அப்டியே துன்னுவோம்."

"இது கட்டுள்ள கிழங்காக்கும் அக்கா. தண்ணியைக் களையாட்டா ஆகாது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பிளஸ் டூவில் அறிவியல் படித்த திமிரில் விளக்கினேன்: "இதுல சயனைடு கொஞ்சம் உண்டு."

அது ஆடி மாதம் என்பதை நினைத்துப் பாருங்கள். மே மாதம்தான் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து முன்னாள் பிரதமர் இறந்திருந்தார். கழுத்தில் சயனைடு குப்பி கட்டியவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் தினமும் எழுதின. என் பேச்சைக் கேட்ட பஸ் கண்டக்டர் முதல் பால்காரர் வரை எல்லோரும் "சிலோனா?" என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம். சொந்த மாநிலத்தின் தென்கோடியில் எப்படிப் பேசுகிறார்கள் என்றுகூடத் தெரியாத இவர்கள், கடல் தாண்டியவர்களின் பேச்சைக் கண்டுபிடிப்பதில் மட்டும் வல்லவர்களாகியிருந்தார்கள்.

நான் தாளித்து முடிப்பதற்குள் கன்னியம்மா ஒரு ஏட்டையும் ஒரு போலீஸ்காரரையும் அழைத்து வந்துவிட்டார்.

"எங்கம்மா கீது அது?" என்றார் ஏட்டு.

"எது சார்?"

"சயனைடு."

"சட்டியிலதான்" என்றேன். வேறென்ன சொல்ல? அவர் ஓரடி பின்னால் போனார். அந்த வீரரை நான் மறக்க மாட்டேன்.

"எந்த கேம்ப்பு நீ?"

"கேம்ப்பெல்லாம் இல்ல சார். மார்த்தாண்டம், கன்னியாகுமரி ஜில்லா."

"அங்க மலையாளம்தான பேசுவாங்கோ?"

"தமிழும் பேசுவோம். இப்ப பேசிட்டிருக்கது தமிழாக்கும்."

"இதுவா தமிழு?" என்று போலீஸ்காரரைப் பார்த்துச் சிரித்தார். "சரி, துன்னு பாக்கலாம்."

மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, தட்டில் போட்டுத் தின்றேன். ஆசைப்பட்ட கறி. நல்ல பக்குவம். ஒரு வாய்கூட ருசிக்கவில்லை. வாந்தி வந்தால் விஷம் என்று எழுதிவிடுவார்களோ என்ற பயத்தில், குமட்டலை விழுங்கி விழுங்கித் தின்றேன். நான் சாகாததில் ஏட்டுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "புருசன் எங்க வேலை செய்றான்?" என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

தொழிற்சாலைக்குள் போய், லைனில் வேலை செய்தவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க, தங்கராஜைச் சட்டையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஸ்டேஷனில் ஒரு பத்திரிகையைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார்களாம், உச்சரிப்பைச் சோதிக்க! எழுதியிருப்பதைப் படிக்கும்போது எல்லோருடைய உச்சரிப்பும் ஒன்றுபோலத்தானே இருக்கும்? மார்த்தாண்டம் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, கம்பெனியிலிருந்து ஆள் வந்து ஐ.டி.ஐ. சான்றிதழைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில், சட்டைப் பொத்தான் இரண்டு இல்லாமல் அவர் வந்து சேர்ந்தார்.

பின்னாலேயே கன்னியம்மா. "தப்பா நெனச்சிக்காதம்மா, காலம் அப்டிக் கீது" என்றார். ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, "வாசனையா இருந்துச்சே, கொஞ்சம் மிச்சம் கீதா?" என்றும் கேட்டார். இந்த மனுஷிக்கு வெட்கம் என்பதை வைக்கவே படைத்தவன் மறந்துவிட்டான் போலிருக்கிறது.

"இல்லக்கா. விஷம் பூராவும் நானே தின்னுட்டேன்" என்று கதவைச் சாத்தினேன்.

சட்டி நிறையக் கறி இருந்தது. சூடாக்கித் தங்கராஜுக்குப் போட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சூப்பர்வைசர் சொன்னாரு, இங்க உள்ளவங்க மாதிரிப் பேசப் படிக்கணுமாம். வீட்டிலயும் பேசினாத்தான் வாய்க்கு வருமாம்."

"உங்களுக்கு நாணமில்லையா?" என்றேன்.

எங்கள் அம்மாக்களின் கைப்பக்குவத்தில் குழைந்த அந்தக் கறியை அவர் ஒரு வாய் அள்ளிப் போட்டு, கண்ணை மூடி மென்று விழுங்கினார். ஊரில் அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து தின்னும்போது இருக்கும் அதே முகம். பிறகு தட்டை என் பக்கம் நீட்டினார்.

"நல்லா கீது. இன்னும் கொஞ்சம் போடு."

எந்த ஊர்க்காரருக்குப் போடுகிறேன் என்று தெரியாமல், அகப்பையில் கறியை அள்ளியபடி நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் தட்டை நீட்டியபடியே இருந்தார்.