மூன்றாம் சரணத்து மூச்சு

அந்தக் காலத்தில் எனக்கு எதையும் முடிக்கத் தெரியாது. ஒரு பாட்டை சிடியில் ஏற்றிய மறு நிமிடமே, பேஸ் கொஞ்சம் குறைவோ என்று மனம் அரிக்க ஆரம்பித்துவிடும். இரண்டாயிரம் பிறந்த புதிது. மலையடிவாரத்துக் காரவள்ளியில் ஒரு வாடகை அறையில் கம்ப்யூட்டர் போட்டு, கடைகளுக்கு விளம்பரமும் கோயில்களுக்குப் பாட்டும் பதிவு செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் பாட்டில் போடும் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தடவை சேவ் செய்வேன். இருப்புக் கொள்ளாதவனுக்கு ஏற்ற தொழில்தான்.

அந்த ஆடியில் என் கையில் இருந்தது என் மனைவியின் பாட்டு. அவள் மலைமேல் குண்டனி நாட்டுப் பெண். கீழ்நாட்டுக்காரனான என்னை அவளாகவே பிடித்துக் கட்டிக்கொண்டதில் அவள் அம்மாவுக்குத் தீராத கோபம். "இனிமே இந்த ஊட்டு வாசப்படி மிதிக்காதே" என்று சொன்னவர்தான், அதற்குப் பிறகு பேச்சே இல்லை. அவள் ஊர்த் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுபவர் எங்கள் ஊர் பாய். அவரிடம் ஒரு அம்மன் பாட்டைத் தானே பாடிக் கொடுத்தனுப்பலாம் என்பது மனைவியின் யோசனை.

"வாசப்படியத்தானே மிதிக்காதேன்னாங்க. காதையுமா மூடிக்குவாங்க? எங்கொரலு அம்மா காதுல உழுந்தாப் போதுங்க எனக்கு" என்றாள்.

நன்றாகத்தான் பாடினாள். கெடுக்க ஆரம்பித்தது நான். மாஸ்டரிங் என்பது சமையலில் கடைசித் தாளிப்பு மாதிரி. கூம்புக் குழாயில் தூரத்துக்குக் கேட்க வேண்டுமென்றால் பாட்டின் சத்தம் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஓங்கியதை அமுக்கி, மெலிந்ததைத் தூக்க வேண்டும். தூக்கினேன். மீட்டரில் சிவப்பு எரிந்து, உச்சத்தில் அவள் குரல் கரகரவென்று கிழிந்தது. கொஞ்சம் இறக்கினேன். கிழிசல் போயிற்று. ஆனால் குரலோடு சேர்ந்து அவள் மூச்சும் மேலே வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு உண்டு. பதிவில் காதுக்கே எட்டாமல் கிடந்தது இப்போது ஒவ்வொரு வரிக்கும் பின்னால் துருத்தி போல ஊதியது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான்.

"எம்மூச்சுத்தானுங்க, இருந்துட்டுப் போகட்டும்."

"ஊரே சிரிக்கும்" என்று எரிந்து விழுந்தேன்.

திரையில் பாட்டைப் பெரிதாக்கி, ஒவ்வொரு மூச்சாகத் தேடி வெட்டினேன். கரண்ட் போகும், வரும், மறுபடி உட்காருவேன். இரண்டு சரணம் சுத்தமாயிற்று. மூன்றாவதைத் தொடுவதற்குள் பாய் வந்து காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல நின்றார்.

"தம்பி, நீ வெட்டி முடிக்கிறதுக்குள்ள சாமி மலையேறிடும். இருக்கிறதக் குடு."

அப்படியே சிடியில் ஏற்றினேன். மனைவியை வீட்டில் விட்டுவிட்டு, மனசு கேட்காமல் நானும் பாயின் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். வளைவுக்கு வளைவு அந்த மூன்றாம் சரணம்தான் தலைக்குள் ஓடியது.

மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களில் குழாய்களைக் கட்டி, பாய் பாட்டைப் போட்டார். எனக்கு நிற்க முடியவில்லை. ஜெனரேட்டரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாம் சரணம் வந்தது. என் மனைவியின் இழுப்பு மலையெங்கும் கேட்டது. பொரிக் கடைக்காரர் நிமிர்ந்து குழாயைப் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. வயரைப் பிடுங்கப் போன என் கையைப் பாய் தட்டிவிட்டார்.

பாட்டு முடிந்து வேறு பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, குச்சிக்கிழங்குக் காட்டுப் பக்கமிருந்து ஒரு அம்மா வேகமாக வந்தார். கையெல்லாம் செம்மண். நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த மூக்கும் நெற்றியும் என் வீட்டில் தினமும் பார்ப்பவை.

"பாய், அந்தப் பாட்ட இன்னொருக்கா போடுங்க."

பாய் போட்டார். முதல் இரண்டு சரணத்துக்கும் அவர் முகம் அசையவில்லை. மூன்றாவதில் முதல் இழுப்பு கேட்டதும் தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். முடியும்வரை எடுக்கவில்லை. பிறகு பாயைப் பார்த்தார். பாய் என்னைக் கை காட்டினார்.

"ஏனுங்க" என்றார் என்னிடம். "அவளுக்கு இன்னும் இழுப்பு நிக்கலீங்களா?"

"பனிக்கு வந்துருதுங்க."

"மருந்து அரைச்சுக் குடுக்க ஆரு இருக்கறா?"

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கீழ போற பஸ் எப்பங்க?"

திருவிழாவை விட்டுவிட்டு, வீட்டுக்குள் போய் ஏதோ பச்சிலையை முடிந்துகொண்டு வந்து என்னோடு பஸ் ஏறினார். வழி நெடுகப் பச்சிலை முடிச்சை மடியில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான்தான் சீட்டில் நெளிந்துகொண்டே வந்தேன். மன்னிப்பா, சண்டையா, ஒன்றும் பிடிபடவில்லை.

கதவைத் திறந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். அம்மா அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, முதுகில் காதை வைத்தார். அவள் தேம்பினாள்.

"அழுவாத" என்றார். "எனக்குக் கேக்க மாட்டேங்குது. நல்லா இழுத்து மூச்சு உடு கண்ணு."