அருளப்பு அங்கிளின் கற்குவியல்

அருளப்பு அங்கிள் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் மல்கிரேவில் அலுவலகக் கூட்டமொன்றில் இருந்தேன். அனுப்பியவர் அவருடைய மனைவி மேரி அன்ரி. கீழேயே இன்னொரு வரி: "நடைக்காரருக்கும் சொல்லிவிடு பிள்ளை." வெளியே போய் அழுதுவிட்டு, அவரோடு மலை நடைக்கு வந்த உங்கள் எல்லோருக்கும் சொன்னேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் கல்லும் தெரியும். இங்கே விக்டோரியா மாநிலத்தின் மலைப்பக்கம், மரமே இல்லாத மேட்டுவெளியில், அந்தக் காலத்து மாட்டுக்காரர்கள் வழி தெரியக் குவித்த கற்குவியல். நடந்து போகிறவர்கள் ஆளுக்கொரு கல் கொண்டுபோய் வைப்பது வழக்கம். ஊரில் மன்னாரிலிருந்து மடு மாதா கோயிலுக்கு நடந்து பழகியவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. வருடாவருடம் அன்ரியையும் எங்களையும் கிளப்பிக்கொண்டு போவார். விரதம் மட்டும் அவருடைய சொந்தச் சேர்க்கை. "கல்லைக் காணாமல் சோத்துப் பார்சல் அவிழாது."

முதல் வருடம் ஒரே மூடுபனி. பசி காதை அடைத்தது. திடீரென்று எதிரே முழங்கால் உயரத்தில் ஒரு கற்குவியல். அங்கிள் சிலுவை அடையாளம் போட்டார். எங்கள் சைவக்காரர் கற்பூரத்தை எடுக்க, "புல்லுக்குள்ள நெருப்போ!" என்று பறித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். கற்களை வைத்துவிட்டு வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

அடுத்த வருடம் வானம் வெளித்திருந்தது. அதே இடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கண்டோம். தூரத்து மேட்டில், ஆளுயரத்துக்கும் மேலாக, உண்மையான கற்குவியல் நின்றது. எங்களுடையது யாரோ பழைய வேலிக் கம்பத்துக்கு முட்டுக் கொடுத்த கற்கள். சிரித்ததில் எனக்குப் புரைக்கேறியது. அங்கிள் அசையவில்லை.

"அது அவையின்ர கல். இது எங்கட கல்."

அங்கேயும் போவோம் என்று நான் வருடாவருடம் சண்டை பிடித்தேன். ஒருமுறை என்னைத் தனியே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "அன்ரிக்கு முழங்கால் ஏலாது பிள்ளை. அந்த ஏத்தம் ஏற மாட்டா. அவவை விட்டிட்டு நான் எங்க போறது?" அதோடு என் சண்டையை விட்டுவிட்டேன்.

செத்தவீட்டில் அன்ரியிடம், இந்த முழங்காலோடு இனியும் நடைக்கு வருவீர்களா என்று கேட்டேன்.

"என்ர முழங்காலுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. அவருக்குத்தான் எங்கட கல்லடிக்கு மேல ஏறினால் மூச்சு வாங்கும். சொன்னால் கோவிப்பார். அதான் எனக்கு ஏலாது எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான்."

அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் இரண்டும் சேர்ந்தே வந்தன.

இந்த வருடத்துக்கென்று அங்கிள் தோட்டத்தில் பொறுக்கி வைத்திருந்த கல் இப்போது என்னிடம் இருக்கிறது. அன்ரிதான் தந்தார். நல்ல பாரம். வாங்கும்போது கேட்டேன்: "அன்ரி, இந்த முறையாவது அந்தப் பெரிய கல்லடிக்குப் போவமே?"

"என்னத்துக்கு? அது அவையின்ர கல்."