இஞ்சி பீர் என்றே சொன்னவர்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது முருகையன் கைப்பேசியில் அழைத்தார். "உங்க மேடம் போய்ட்டாங்க சார்" என்றார். பேருந்து இரைச்சலில் சரியாகக் காதில் விழாமல், "எங்க போயிருக்காங்க?" என்று கேட்டுவிட்டேன். "காலைல காபி வெச்சி எழுப்பனேன் சார். எழுந்துக்கல" என்றார். அழைப்பைத் துண்டித்துவிட்டார். பக்கத்து இருக்கையில் இருந்த பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தார்.

பேராசிரியர் தமயந்தி அவர்கள் எங்கள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர். நான் தமிழ்த்துறை. ஆசிரியர் அறையில் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. பணி ஓய்வுக்குப் பிறகும் மாதம் இருமுறையாவது அவர் வீட்டுக்குப் போய்வருவேன். முருகையன் அவருடைய கணவர். தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தவர்.

மேடத்தை மாணவிகளுக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். பயம்தான். ஆய்வகத்தில் எண்ணைக் கொஞ்சம் முன்பின் திருத்தி எழுதினால் கண்டுபிடித்துவிடுவார். "வந்தத எழுது. வரவேண்டியத எழுதாத" என்பார். சிரித்துப் பேசி மழுப்புவது அவருக்கு வராது. பண்டிகைக்கு எடுத்த புடவை நன்றாக இருக்கிறதா என்று கேட்ட சக ஆசிரியையிடம் "இல்லை" என்று சொல்லி மூன்று மாதம் பேச்சு நின்றுபோனதும் உண்டு.

முருகையன் ஒரு காலத்தில் நிறையக் குடித்தவர். இதை நான் எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதுங்க சார். அத வுட்டுட்டு அவங்களப் பத்தி இன்னா எழுதுவீங்க?" என்றார். பட்டறையை மூடும் நிலைக்கு வந்து, மருத்துவமனையில் கிடந்து, ஒருவழியாகக் குடியை விட்டார். விட்ட பிறகு வந்த முதல் கோடையில் அவர் தவித்த தவிப்பை மேடம் ஒருநாள் என்னிடம் சொன்னார். போதையைக்கூட மறந்துவிட்டாராம். குளிர்ந்த பீரின் நுரையையும், நாக்கில் ஏறும் அந்தச் சுள்ளென்ற கடுப்பையும்தான் மறக்க முடியவில்லையாம். கடைச் சோடாவைக் குடித்துவிட்டு, "இது வெறும் காத்து" என்று தள்ளிவிடுவாராம்.

அப்போதுதான் மேடம் வீட்டிலேயே இஞ்சி பீர் செய்யத் தொடங்கினார். இஞ்சியைத் துருவி, சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்துக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, ரொட்டிக்குப் போடும் ஈஸ்டைக் கொஞ்சம் கலப்பார். பொங்கி அடங்கும்போது இன்னும் சிறிது சர்க்கரை சேர்த்துப் புட்டியில் ஊற்றி இறுக மூடிவிடுவார். உள்ளே உண்டாகும் வாயு வெளியேற வழியில்லாமல் அந்த நீரிலேயே கரைந்துவிடும். திறந்தால் நுரை. முருகையனுக்கென்று செய்வதை மட்டும், வாயு பிடித்தவுடன் சோதித்துப் பார்த்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவார். "இதுல இருக்கறது மோர் புளிச்சா இருக்குமே, அதவிட ஜாஸ்தி இல்ல" என்று எனக்கு விளக்கினார்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் கதையே இல்லை. ஆனால் அவர் வேதியியல்காரர். மூடிய புட்டியை அப்படியே விட்டுவைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு முறை செய்யும்போதும் சில புட்டிகளை மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டுச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி வைத்தார். ஒருவாரம் ஆனது தித்தித்தது. இஞ்சி தனியாக, முரட்டுத்தனமாகத் தொண்டையைப் பிடித்தது. ஒரு மாதம் ஆனதில் இனிப்பு பாதி போய், நுரை மெல்லியதாகி, நாக்கின் ஓரங்களில் ஊசி குத்தியது. எலுமிச்சை எங்கே, இஞ்சி எங்கே என்று பிரிக்க முடியவில்லை. ஆறு மாதம் கடந்ததில் இனிப்பே கிடையாது. காரமும் அடங்கியிருந்தது. பழுத்த அன்னாசியையும் பழைய தேனையும் போல, யாரும் உள்ளே போடாத ஒரு மணம் வந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஈஸ்ட்டு சர்க்கரையத் தின்னுக்கிட்டே இருக்கு சார். இனிப்பு கொறையக் கொறைய ஆல்கஹால் ஏறும். அப்பறம் தின்ன ஒண்ணும் இல்லாம அடில படிஞ்சிடும். படிஞ்சதுக்கப்பறமும் ருசி மாறுது பாருங்க, அதான் எனக்குப் புரியல" என்றார். இதில் எது நல்லது என்று கேட்டேன். "எது நல்லதுன்னு கேக்காதீங்க. அது இன்னும் முடியவே இல்ல" என்றார்.

முருகையன் சற்றுத் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வீட்டில் இதை வைத்திருப்பது சரியா என்று மேடத்திடம் தாழ்ந்த குரலில் கேட்டேன். "அவரக் கேட்டுட்டுதான் வெச்சேன். தொட மாட்டேன்னாரு" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் அவரோடு வாதாடி யார் ஜெயித்தார்கள்?

கத்திரி வெயில் காலத்தில் ஒரு மதியம் அலமாரிக்குள் இரண்டு புட்டிகள் வெடித்தன. நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த தெருக்காரர்களின் மூக்கில் வாசனை ஏறியது. என்ன இது என்று கேட்டிருக்கிறார்கள். மேடம், "இஞ்சி பீர்" என்றார். இஞ்சி சோடா என்று சொல்லியிருந்தால் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். "குடிகாரன் வூட்ல பொண்டாட்டியே காய்ச்சி ஊத்தறா" என்று மறுநாளைக்குள் தெரு முழுக்கப் பேச்சு. கோயிலுக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படியா என்று யாரோ புகாரும் கொடுத்துவிட்டார்கள்.

விசாரிக்க மதுவிலக்குப் பிரிவு ஆய்வாளர் ஒருவர் வந்தபோது மேடம் என்னை உடன் இருக்கச் சொல்லியிருந்தார். அந்த ஆண்டு எங்கள் கல்லூரி முதல்வர் பதவி அவருக்கு வரவேண்டியது. நிர்வாகம் முடிவெடுக்கும் நேரம் அது. வந்த ஆய்வாளரும் மரியாதையான மனிதர். குளிர்பெட்டியில் இருந்ததை ருசி பார்த்துவிட்டு, "ஜூஸ் மாதிரிதானம்மா இருக்கு. எல்லாமே இதானே? ஆமான்னு சொல்லுங்க, நான் கிளம்பறேன்" என்றார். தப்பிக்கக் கதவையே திறந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். நான் மேடத்தைப் பார்த்துத் தலையசைத்தேன்.

மேடம் கைப்பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"எல்லாம் இது இல்ல சார். இந்த அலமாரில இருக்கறது பழசு. அதுல ஆல்கஹால் ஏறியிருக்கு. கடை பீர்ல இருக்கற அளவு இருக்கும்."

ஆய்வாளர் திகைத்துப் போனார். "அப்ப எதுக்கும்மா வெச்சிருக்கீங்க?"

"எப்படி மாறுதுன்னு பாக்க."

"குடிக்கறதுக்கு இல்லியா?"

"ஒரு ஸ்பூன் ருசி பாப்பேன். விக்கல. யாருக்கும் ஊத்திக் குடுக்கல. இந்த சாருக்கு மட்டும் ஒருநாள் கிண்ணத்துல குடுத்தேன்." என்னையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்!

ஆய்வாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இதெல்லாம் இப்போதே என் கண் முன்னால் சாக்கடைக்குப் போக வேண்டும், இனி இப்படி வைத்திருக்கக் கூடாது, மறுபடியும் புகார் வந்தால் வழக்குதான் என்றார். மேடம் புட்டிகளை எடுக்கக் குனிந்தார். அதற்குள், திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த முருகையன் எழுந்து வந்துவிட்டார்.

"நீ வுடு. நான் ஊத்தறேன்."

மேடம் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அந்த முகத்தில் பயத்தை நான் கண்டது அந்த ஒருமுறைதான். "வேணாங்க. வாசனை ஜாஸ்தியா இருக்கும்" என்றார்.

"இருக்கட்டும். எனக்காக ஆரம்பிச்சதுதானே."

பின்கட்டுச் சாக்கடை ஓரம் குத்துக்காலிட்டு அமர்ந்து, முருகையன் ஒவ்வொரு புட்டியாகத் திறந்தார். நுரை அவர் கைமேல் வழிந்தது. அந்த அன்னாசி மணம் முற்றம் முழுக்க நிறைந்தது. அவர் மூச்சை அடக்கி முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் அவசரப்படவில்லை. கடைசிப் புட்டியைக் கவிழ்த்ததும் குழாயடியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். மேடம் பக்கத்தில் துண்டோடு நின்றார். ஆய்வாளரும் நானும் அவர்களைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று மாலை மேடம் என்னிடம் சொன்னார்: "வூட்ல வெச்சது தப்பு சார். அவரு தொடமாட்டாருன்னு எனக்குத் தெரியும். ஆனா தினம் தொடாம இருக்கறதுக்கு அவரு எவ்ளோ பாடுபட்டாருன்னு இன்னைக்குதான் பாத்தேன்."

முதல்வர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. தெருப்பேச்சு நிர்வாகத்தின் காதுக்கும் போயிருந்தது. ஒரே ஒரு "ஆமாம்" சொல்லியிருந்தால் போதுமே என்று நான் ஆதங்கப்பட்டேன். "வந்தத சொன்னேன் சார்" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் கட்டைப் பிரித்து உட்கார்ந்துவிட்டார். பதவிக்கு வந்தவருக்கு முதலில் கை கொடுத்தவரும் அவர்தான்.

அதன் பிறகும் இஞ்சி பீர் செய்தார். குளிர்பெட்டிக்குப் போவது மட்டும்தான். பழசு ஒன்றுகூட வைக்கவில்லை. அந்த ருசி எப்படி மாறுகிறது என்ற கேள்விக்கு அவர் கடைசிவரை விடை காணவில்லை. வருத்தமில்லையா என்று கேட்டதற்கு, "இருக்கு. இருந்துட்டுப் போவுது" என்றார். முருகையன் அதற்குப் பிறகும் ஒரு சொட்டும் தொடவில்லை. பட்டறையைப் பெரிதாக்கினார். ஊரில் பாதி மோட்டார்களுக்கு அவர்தான் என்று ஆயிற்று.

மேடத்தை எடுத்துச் சென்ற அன்று பௌர்ணமி. வண்டி கிரிவலப் பாதையைக் கடக்க முடியாமல் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. ஓட்டுநர் ஒலி எழுப்பிப் பார்த்தார். முருகையன் கீழே இறங்கினார். வெறுங்காலோடு வண்டிக்கு முன்னால் நடந்தபடி, இரண்டு கைகளையும் கூப்பி, "கொஞ்சம் வழி குடுங்கம்மா, கொஞ்சம் வழி குடுங்க" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனார். கூட்டம் விலகியது. நடந்து வந்தவர்கள் நின்று கும்பிட்டார்கள். வெளியூர்க்காரர் ஒருவர், "யாருங்க பெரியவரே?" என்று கேட்டார்.

"எங்க வூட்டம்மா. கெமிஸ்ட்ரி புரொபசர்" என்றார் முருகையன். அந்தக் குரலில் அழுகை இல்லை. பெருமைதான் இருந்தது.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள், மேடம். உங்கள் பக்கத்து மேசைக்காரனின் வணக்கம்.