வேன் வாங்க வந்தவர்

வேன்காரம்மாவுக்குப் பொறுமை என்பது சிக்னலில் மட்டும்தான். அதுவும் சிவப்பு விளக்கு எரியும் வரைக்கும்தான். புறநகரிலிருந்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி வரை நெடுஞ்சாலையில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பதினோரு பேர் உட்காரும் ஷேர் வேன் ஓட்டியவர். கண்டக்டர் கிடையாது. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை சில்லறையில், நிறுத்தம் சொல்ல வாய்.

அந்தச் சாலைக்கு மேலேயே தூண் நட்டு மெட்ரோ ரயில் விட்டார்கள். வேன் ஒன்றரை மணி நேரம் திணறிய தூரத்தை அது அரை மணியில் முடித்தது. முதல் வாரம் வேனில் நான்கு பேர். அடுத்த வாரம் இரண்டு பேர். அதில் ஒருவர் தூங்கிப்போய் இறங்க மறந்தவர்.

அண்ணன் வந்து உட்கார்ந்துகொண்டார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருத்தர் வேனைப் பாக்க வீட்டுக்கு வராரு. இப்ப வித்தாத்தான் உண்டு. அப்புறம் பழைய இரும்புக்குத்தான் போகும்."

"அது இரும்பா? என் பொழப்புண்ணா அது."

வீராப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை, எதிரியை ஆழம் பார்த்துவிடலாம் என்று ரயில் ஏறினார். குறை கண்டுபிடிக்கத்தான் போனார். ரயில் நன்றாகவே இருந்தது, ஆத்திரமே அதுதான். திரும்பும்போது தன் நிலையம் நெருங்கியது. தொட்டில் பழக்கம் சும்மா விடுமா? பெட்டி அதிரக் கூவிவிட்டார்.

"தண்ணி டாங்கி, காலேஜ் வாசல், நாலாவது தெரு எல்லாம் இங்கேயே இறங்கிக்கோங்க!"

பெட்டியே சிரித்தது. அவருக்கு மானம் போயிற்று.

படி இறங்கும்போது ஒரு பெண் கையைத் தொட்டாள். "அக்கா, தண்ணி டாங்கிக்கு இங்கேருந்து வண்டி இருக்கா? தினம் நாப்பது நிமிஷம் நடக்கறேன்."

"நாலாவது தெருவுக்கும் ஒண்ணும் இல்லம்மா," என்றார் பின்னால் வந்த பெரியவர்.

வாசலில் நின்று பார்த்தார் வேன்காரம்மா. ரயில் இறக்கிவிட்ட கூட்டம் பையும் குடையுமாகத் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தது. இவர்களை விட்டுவிட்டு, இரண்டு வாரமாக ரயிலோடு மல்லுக்கு நின்றோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை வேன் நெடுஞ்சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிலைய வாசலில் நின்றது. இரண்டு நடை நிரம்பிப் போயிற்று. மூன்றாவது நடையில் முன் சீட்டு மட்டும் பாக்கி. கைப்பையும் வியர்வையுமாக ஒருவர் படி இறங்கி வந்தார்.

"ஏம்மா, நாலாவது தெரு கடைசி வீட்டுக்கு எப்படிப் போகணும்? அங்க ஒரு வேன் விலைக்கு இருக்காம்."

வேன்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏறுங்க சார்."

வழியெல்லாம் வந்தவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்ஜின் நல்லா இருக்கே!"

"இருக்காதா பின்னே?"

கடைசி வீட்டு வாசலில் அண்ணன் காத்திருந்தார். நிரம்பிய வேனையும் முன் சீட்டில் இருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க பாக்க வந்த வேன் இதுதான் சார். பாத்தாச்சு. விக்கறதுக்கில்ல," என்று கையை நீட்டினார் வேன்காரம்மா. "டிக்கெட்டு?"

அவர் காசைக் கொடுத்தார். ஆனால் இறங்கவில்லை. ரயிலைப் பிடிக்க அவருக்கும் வேறு வண்டி ஏது?