நான் விட்டுக்கொடுத்த மிளகுக்கொடி

நான் பொறுமைசாலி அல்லன். மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் சபையார் பல ஆண்டுகளாக என்னிடம் கண்டு மெச்சும் பொறுமை, ஒரு மனிதரைத் திருடராக்கிய பொறுமை. அவருக்குச் சொந்தமானதை அவருக்கே தானம் செய்வதுபோல விட்டுக்கொடுத்தேன். தெரிந்தே செய்தேன்.

நான் மலையில் கிளை அஞ்சலகம் நடத்தியவன். காலையில் முதல் வேலை, முத்திரையில் தேதியை மாற்றுவது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எந்த ஆண்டு மழை பொய்த்தது, எந்தப் போதகர் எப்போது வந்தார், யாருக்கு எப்போது ஞானஸ்நானம்... எதைக் கேட்டாலும் சொல்வேன். தேதியில் சந்தேகம் வந்தால் சபையே என்னிடம் வரும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இல்லை... பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் அது தேவை. நான் எதையும் மறக்கிறவன் அல்லன் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. மரம் ஒருவருடையதாக இருக்கும். அதில் ஏறும் மிளகுக்கொடி, அதை நட்டவருடையதாக இருக்கும். மரக்காரர் வாயால் சம்மதித்தால் போதும். பத்திரம் எதுவும் எழுதுவதில்லை.

1986 ஆனியில், எங்கள் காட்டு ஓரத்துப் பலாமரத்தின் அடியில் பக்கத்துக் காட்டுக்காரர் சடையன் கொடி நட்டார். பிற்பாடு ஞானஸ்நானம் பெற்று சாமுவேல் ஆனவர். மழை தூறிக்கொண்டிருந்தது. என் தகப்பனார் அவரிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"மரம் என்னுது, கொடி உன்னுது சடையா. பலாப்பழம் உன் தலைல உழுந்தா மட்டும் எங்கிட்ட வந்து நிக்காதே!"

மூவரும் சிரித்தோம். அந்த மூவரில் நானும் ஒருவன்.

தகப்பனார் 1997இல் இறந்தார். காடு என் கைக்கு வந்தது. மிளகுக்கு நல்ல விலை வந்த காலம். அடுத்த தை மாதம், என் ஆட்களை அந்தப் பலாமரத்துக்கும் அனுப்பினேன். கொடியின் கதையை மறந்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல எவ்வளவு ஆசை! மறக்கவில்லை. கேட்கமாட்டார் என்று நினைத்தேன்.

கேட்டார். மூங்கில் ஏணியை மரத்தில் சாத்தும்போதே ஓடி வந்துவிட்டார்.

"ஏனுங்க போஸ்ட்டாரே, யாரு கொடில யாரு ஏணி வெக்கறது? உங்கப்பாரு சொன்னது உங்க காதுல உழுவலீங்களா? இல்ல, அவரோட சேத்து அந்தப் பேச்சையும் பொதச்சுட்டீங்களா?"

மிளகு பறிக்க வந்தவர்கள் எல்லாரும் எங்கள் சபைக்காரர்கள். அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின. நான் கோபப்படவில்லை. புன்னகை செய்தேன்.

"சத்தம் போடாதே சாமுவேலு. நீயே எடுத்துக்க. எனக்கு வேண்டாம்."

கூடையோடு நின்ற தங்கம்மாள் வாயில் கை வைத்தாள். "அடேங்கப்பா! இந்த மனசு யாருக்கு வரும்? ஏனுங்க சாமுவேலு, வாங்கிக்கிட்டு ஒரு ஸ்தோத்திரமாச்சும் சொல்லுங்க."

"எம்பொருளுக்கு நான் எதுக்கு ஸ்தோத்திரம் சொல்றதாம்?"

"பாத்தீங்களா, பாத்தீங்களா! குடுத்த பொறவும் வாய் அடங்குதா பாருங்க!"

அந்தக் கணத்தில்தான் புரிந்துகொண்டேன். நான் சண்டை போட்டிருந்தால் வழக்கு வந்திருக்கும். பெரியவர்கள் கூடியிருப்பார்கள். யார் நட்டது, யார் இத்தனை காலம் பறித்தது என்று விசாரித்திருப்பார்கள். சாமுவேல் வென்றிருப்பார். விட்டுக்கொடுத்ததால் வழக்கே இல்லாமல் போயிற்று. வெல்வதற்கு அவருக்கு ஓர் இடமும் மிஞ்சவில்லை. தாழ்மையை இப்படியும் பயன்படுத்தலாம் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. தானாகவே வந்தது!

அந்த மாதம் மலையேறி வந்த போதகர், பெயர் சொல்லாமல் என்னைப் பற்றிப் பிரசங்கித்தார். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். தலை குனிவதும் எனக்கு நன்றாக வரும்.

மாசியில் அறுப்பின் பண்டிகை. அவரவர் காட்டில் விளைந்ததை ஆலயத்தில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம் விடுவார்கள். மரவள்ளி, வாழைத்தார், சாமை, தேன். சாமுவேல் ஒரு கூடை மிளகு கொண்டு வந்திருந்தார். அவர் மனைவி ரூத்து அதைப் புதுத்துணியால் மூடியிருந்தாள்.

ஏலம் விட்ட யோசேப்பு எப்போதும் சிரிக்க வைக்கிறவர். கூடையைத் தூக்கிப் பிடித்தார்.

"இந்தா வருது மிளகு! சாமுவேலு கையில வந்த போஸ்ட்டாரு மிளகு! ஒரே காணிக்கை, ரெண்டு பேருக்கு ஆசீர்வாதம்!"

வாசலே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை சாமுவேல் நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். கத்தவில்லை. முதல் முறையாக என்னை அண்ணா என்று அழைத்தார்.

"அண்ணா, நீங்களே சொல்லுங்க. அந்தக் கொடி யாருது? எல்லாத் தேதியும் உங்களுக்குத்தானே தெரியும்."

ஒரு வாக்கியம் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"உன்னுதுன்னே வெச்சுக்க சாமுவேலு. கர்த்தருடைய வாசல்ல எதுக்குச் சண்டை?"

யாரோ "ஆமென்" என்றார்கள்.

சாமுவேல் கூடையை வாங்கி, மிளகைத் துண்டில் கொட்டி முடிந்துகொண்டு நடந்தார். ரூத்து காலிக் கூடையைப் பார்த்தாள், ஆலயத்தைப் பார்த்தாள், பிறகு அவர் பின்னால் போனாள். மறுநாள் பகல் வெளிச்சத்திலேயே அவர் அந்தக் கொடியை அடியில் அறுத்தார். என் மரத்தில் அது இலை இலையாகக் காய்ந்தது. "மிளகுக்காக வேதத்தையே விட்டுட்டான்" என்றது ஊர். நான் மறுத்துப் பேசவில்லை. பிறரைக் குறை சொல்லாதவன் என்ற பெயரும் எனக்குச் சேர்ந்தது.

அதன்பின் ஆலயத்துக்கு ரூத்து மட்டும் வந்துகொண்டிருந்தாள். மனஸ்தாபம் தீராத வீட்டார் திருவிருந்துக்கு முன்வருவதில்லை என்பது எங்கள் சபை ஒழுங்கு. அவள் கடைசி வரிசையிலேயே இருந்துவிடுவாள். நான் சபை மூப்பர், திருவிருந்தின் அப்பத் தட்டை ஏந்தி நிற்பேன். அந்த ஒழுங்கு என்னையும் கட்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது...

2002 பங்குனியில் அவள் அஞ்சலகத்துக்கு வந்தாள். கூட்டம் கலையும்வரை காத்திருந்தாள்.

"மகளுக்கு எடப்புளில இருந்து கேக்கறாங்க அண்ணா. சபைக்காரங்கதான். நல்ல எடம். அப்பன் மிளகு திருடுனவராமேன்னு விசாரிச்சாங்களாம். நீங்க சபையில ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க. நாங்க வேற ஒண்ணும் கேக்கலீங்க."

அன்று மாலையே சாமுவேலின் காட்டுக்குப் போனேன். மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தூறல், தகப்பனாரின் பேச்சு, அந்தச் சிரிப்பு, எதையும் விடவில்லை. அவர் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே சொல்லி என்னங்க ஆவப்போவுது? அங்க சொல்லுங்க. நானும் வாரேன்."

வந்தார். ஞாயிற்றுக்கிழமை, சாட்சி சொல்லும் நேரத்தில், கதவுக்கு வெளியே நின்றார். நான் எழுந்தேன்.

"சகோதரர் சாமுவேலுக்கு விரோதமாக நான் பாவம் செய்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

என் குரல் உடைந்தது. நடிப்பில்லை, நம்பு! அடுத்த வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது: கொடி அவருடையது, என் தகப்பனார் கொடுத்தார், நான் அங்கே இருந்தேன். அதற்குள் பெண்கள் பக்கம் தங்கம்மாள் விம்மினாள்.

"எடுத்தவன் வெளிய நிக்கறான், குடுத்தவரு மன்னிப்புக் கேக்கறாரு! இப்பிடியும் ஒரு மனுசனா!"

சபை முழுவதும் கலங்கியது. அத்தனை கண்களிலும் என்மேல் அன்பு. அந்த அன்பை ஒரு வாக்கியத்தால் உடைக்க வேண்டும். அவ்வளவுதான்.

உட்கார்ந்துவிட்டேன்.

சாமுவேல் உடனே போகவில்லை. நான் இன்னும் பேசி முடிக்காததுபோல, சற்று நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார். பாட்டு தொடங்கியதும் இறங்கி நடந்தார். எடப்புளிக்காரர்கள் பிறகு வரவில்லை. அந்தப் பெண்ணை அடிவாரத்தில், புளியஞ்சோலைப் பக்கம் ஒரு வீட்டில் கொடுத்தார்கள். சபையில் கல்யாண ஓலை வாசிக்கவில்லை. அதன்பின் ரூத்தும் வருவதை நிறுத்திவிட்டாள்.

நான் இன்னும் மூப்பர். வீட்டில் சண்டை என்று வரும் இளம் தம்பதிகளைப் போதகர் என்னிடம்தான் அனுப்புகிறார், பொறுமையைக் கற்றுக்கொள்ள. கற்றுக்கொடுக்கிறேன். அவர்கள் சமாதானமாகித்தான் போகிறார்கள். அதை என்னவென்று சொல்வது?

உன்னிடம் எதையும் மறைக்கவில்லை. இதற்காக என்னை மெச்சிவிடாதே. சாமுவேலை உனக்குத் தெரியாது. அவர் நின்று கேட்ட ஆலய வாசலும் உன்னுடையதல்ல. எங்கள் சபையில் யாரும் இதைப் படிக்கமாட்டார்கள். அதனால்தான் எழுத முடிந்தது.