சொக்கம்மாளின் நீராகாரப் பானை

சித்தம் கலங்கியவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிவந்து ஒரு மண்டலம் அருவியில் நிறுத்துவது நம் பக்கத்து வழக்கம். தெளிந்தால் பேர் அருவிக்கு, தெளியாவிட்டால் பழி தலையெழுத்துக்கு. நடுவில் கிடந்த சோற்றுப்பானையை யாரும் கணக்கில் சேர்த்ததில்லை.

அந்தப் பானை ஐந்தருவிச் சாலையில் ஒரு மடத்தில் இருந்தது. அங்கே சமைத்த சொக்கம்மாள் வீரகேரளம்புதூர்க்காரி. இருபத்திரண்டு வயதில் பேச்சும் தூக்கமும் நின்றுபோக, அண்ணன்மார் கையைக் கட்டி மாட்டுவண்டியில் கொண்டுவந்து போட்டார்கள். அப்போதைய சமையல்காரி தினமும் ஒரு சிரட்டை நீராகாரம் புகட்டினாள். நாற்பதாம் நாள் சொக்கம்மாள், "உப்பு பத்தல" என்றாள். தெளிந்துவிட்டாள். ஊருக்குத் திரும்பவில்லை, கொஞ்ச காலத்தில் பானை அவள் கைக்கு வந்தது.

அதை அவள் ஒருநாளும் ஒட்டக் காலிசெய்ததில்லை. அடியில் ஒரு கை புளித்த தண்ணீர் நிற்கும். அதன்மேல்தான் அன்றைய சோறும் புதுத் தண்ணீரும் விழும். அவளும் குடிப்பாள், வந்தவர்களுக்கும் கொடுப்பாள். குடித்தவர்கள் மறுவருஷம் வர வேண்டியிருக்கவில்லை. அதே அருவியில் நின்று பக்கத்து மடத்தில் சாப்பிட்டவர்கள் வருஷா வருஷம் வந்தார்கள்.

1934 சாரலில் காலரா பயம். சுகாதார இன்ஸ்பெக்டர் ஆவுடைநாயகம் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதுல எத்தனை கோடிக் கிருமி இருக்குன்னு தெரியுமா?"

"எண்ணிப் பாத்ததில்ல அய்யா. யாரையும் கடிச்சதுமில்ல."

வயிற்றுக் கிருமிக்கும் புத்திக்கும் தொடர்பு உண்டென்று மேல்நாட்டு வைத்தியர் சிலர் அப்போதே எழுதிக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் படித்த புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை. கிணற்றுக்குப் போட்ட ஊதா மருந்தில் மிச்சத்தைப் பானையில் கரைத்து, கொதிநீர் ஊற்றித் தேய்க்கச் சொன்னார். மடத்துக்குக் காலரா வரவில்லை.

ஒன்பதாம் நாள் சொக்கம்மாளின் வயிறு சத்தமற்றுப்போனது. பசி இல்லை, இரைச்சல் இல்லை; ஆளில்லாத வீடு மாதிரிக் கிடந்தது. பத்தாம் நாள் பட்டப்பகலில், அரிசி களையும்போது, அருவி அவளைப் பேர்சொல்லிக் கூப்பிட்டது.

"பழையபடி வருதுட்டி," என்றாள், பாத்திரம் தேய்க்கும் தங்கத்தாயிடம். "இந்தத் தடவ போனா திரும்ப மாட்டேன்."

புதிதாகச் சோறு ஊறவைத்துப் பார்த்தாள். புளித்தது, அவ்வளவுதான்.

"சிவகிரி பேச்சித்தாய் தெளிஞ்சு போகையில நம்ம பானைத் தண்ணிய ஒரு கலயத்துல ஊத்திக்கிட்டுப் போனாளே யக்கா," என்றாள் தங்கத்தாய்.

சொக்கம்மாள் அன்றே பஸ் ஏறினாள். சிவகிரியில் பேச்சித்தாயின் புருஷன், கடற்கரை என்று பேர், வாசலில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"என் வீட்டுக்காரி மாதிரியே நடக்கிய."

உள்ளே பேச்சித்தாய் அகப்பையால் பானை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது சொக்கம்மாளின் பழக்கம். ஒரு மண்டலம் கூட இருந்தவள், பார்த்துப் படித்திருக்கலாம்.

"வா யக்கா. செல்லையா தூங்குதானா?"

செல்லையா சொக்கம்மாளின் பிள்ளை. பிறந்து பதினெட்டு நாளே இருந்தான். மடத்தில் அந்தப் பேரை அவள் ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. இதைப் பார்த்துப் படிக்க முடியாது.

பேச்சித்தாய் நல்ல தெளிவோடுதான் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் சிரட்டையை நீட்டினாள். சொக்கம்மாள் சிரட்டைக்குள் உற்றுப் பார்த்தாள். இதற்குள் யார் யார் இருக்கிறார்களோ. குடிக்காவிட்டாலோ அருவி காத்திருந்தது.

"குடிக்கியளா, கீழ ஊத்தவா?" என்றான் கடற்கரை.

குடித்தாள். மூன்று நாள் அங்கேயே தங்கிக் குடித்தாள். நாலாம் நாள் வயிறு இரைந்தது. கூப்பிட்ட குரல் நின்றது. கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்பட்டவள், வாசலில் திரும்பிக் கடற்கரையைப் பார்த்தாள். பெண்டாட்டிக்கு மட்டும் உரிய எரிச்சலோடு, "தெக்கு வயலுக்குத் தண்ணி திறந்தாச்சா? போன பூ மாதிரி மறந்துட்டு, எங்க அய்யா மேல பழியப் போடாதிய," என்றாள்.

போன பூவில், அதாவது போன விளைச்சலில், அந்தச் சண்டையைப் புருஷனும் பெண்டாட்டியும் போட்டது கதவைச் சாத்திக்கொண்டு. உள்ளேயிருந்து பேச்சித்தாய் தலையை நீட்டி, தானும் பதிலுக்காக நின்றாள்.

"திறந்தாச்சு," என்றான் கடற்கரை, இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல், பொதுவாக.