எனக்கு முன் எத்தனை பேர்

ரயில்வே குட்ஷெட் குமாஸ்தாவாக ராயபுரத்துக்கு மாற்றலாகி வந்த ஐந்து மாதத்தில் மூன்று கோயில்களுக்குப் போனேன். முதல் கோயிலுக்கு ஒன்பது ஞாயிறு, இரண்டாவதற்கு ஏழு. முதலாவதில் பிரசங்கம் ஐம்பது நிமிஷம் நீள்கிறது என்று மனைவியிடம் குறை சொன்னேன். இரண்டாவதில் கூரை ஒழுகுகிறது என்றேன். இரண்டும் உண்மைதான். காரணம் அவை அல்ல.

காரணம், ஆராதனையில் திராட்சரசம் கொடுக்கும் இராப்போஜனப் பாத்திரம். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் எங்கள் சாதியார் தெற்கே உட்காருவோம், சேரியிலிருந்து வருகிறவர்கள் வடக்கே. பாதிரி ஐயர் அந்தப் பாத்திரத்தை முதலில் எங்களுக்குக் கொடுப்பார். நாங்கள் எல்லோரும் குடித்து எழுந்த பிறகு அவர்கள் வருவார்கள். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருந்ததில்லை. இங்கே அப்படி இல்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், அவ்வளவுதான். பெஞ்சில் உட்கார்ந்த வரிசையிலேயே எழுந்து போய் ஒரே பாத்திரத்தில் வாய் வைக்க வேண்டும். எனக்கு முன் எத்தனை வாய் என்று விரல் மடக்கி எண்ணுவேன். முதல் கோயிலில் பத்தொன்பது. இருமல் வந்தவன்போலத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இரண்டாவது கோயிலில் பதினாலு. அங்கேயும் இருமினேன்.

மனைவிக்கு அப்போது ஏழு மாதம். எங்கள் முதல் குழந்தை ஞானஸ்நானம் பெறாமலே மூன்றாம் நாள் இறந்துபோயிருந்தது. "இதுக்காவது தண்ணி ஊத்த ஒரு சபை வேணும். பிரசவத்துக்குள்ள பேரைப் பதிஞ்சிடுங்க" என்று தினமும் சொன்னாள். பேர் பதிய வேண்டுமானால், ஊர் ஐயர் எழுதித் தந்த சாட்சிப் பத்திரத்தைக் கொடுத்து, அந்தச் சபையாரோடு ஒருமுறை இராப்போஜனம் எடுக்க வேண்டும். பத்திரம் என் கோட்டுப் பையில் நாலாக மடிந்து கிடந்தது.

மூன்றாவது, டோல்கேட் தாண்டி ஒரு சிறிய ஜெபக்கூடம். சபை மொத்தமே நாற்பது பேர் இல்லை. உபதேசியார் பத்திரத்தை வாங்கிக்கொண்டு, "வர்ற ஞாயிறு ஐயர் வர்றார். இராப்போஜனம் உண்டு" என்றார். அந்த ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னதாகவே போனேன். முதல் பெஞ்சின் ஓரம் கிடைத்துவிட்டால் எனக்கு முன் யாருமில்லை என்பது என் கணக்கு.

அந்த ஓரத்தில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். துறைமுகத்தில் கப்பலுக்குக் கரி சுமப்பவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். குதிகால் வெடிப்புகளில் கரி நிரம்பியிருந்தது.

"ஒக்காரு நைனா, எடம் கீது."

இரண்டு சாண் இடைவெளி விட்டு உட்கார்ந்தேன். அவர் அந்த இரண்டு சாணைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"மூணு தபா தேச்சிக் குளிச்சிட்டு வந்துகீறேன். போவ மாட்டேங்குது. எங்க வூட்டுக்காரி சொல்றா, கரிய கப்பல்லயே வுட்டுட்டு வரக் கூடாதான்னு."

நான் சிரிக்கவில்லை. என் வலது கை விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டிருந்தன: எனக்கு முன் ஒருவர். அதையும் அவர் பார்த்திருக்க வேண்டும். ஐயர் அழைத்தபோது அவர் எழவில்லை. முழங்கால்களை ஒருபுறம் ஒதுக்கி வழிவிட்டார்.

"நீ முன்னாடி போ நைனா. நான் கடைசீல வாங்கிக்கறேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அவர் முழங்காலில் படாதபடி வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு போய், முதல் ஆளாகக் குடித்தேன்.

ஆண்களில் கடைசியாக அவர் குடித்தார். அதன் பிறகே பெண்கள். எல்லோருக்கும் பின்னால் என் மனைவி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள். முழங்கால்படியிட முடியாமல் தடுமாறியவளைக் கரிக்காரரின் மனைவி கையைப் பிடித்து இறக்கினாள். எனக்கும் என் மனைவிக்கும் நடுவே முப்பத்தாறு வாய். அவள் கண்ணை மூடிக் குடித்தாள்.

திரும்பும்போது டோல்கேட் வரை அவள் எனக்கு முன்னால் நடந்தாள். அங்கே நின்று, "இருமல் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நிற்கும்படி கரிக்காரரின் மனைவியை என் மனைவியே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். என்னிடம் யோசனை கேட்கவில்லை.

பதினோரு வருஷம் அந்தப் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இராப்போஜனம் மாதம் ஒருமுறை. நான் காய்ச்சலில் கிடந்த நான்கைக் கழித்தால் நூற்று இருபத்தெட்டு தடவை. ஒவ்வொரு தடவையும் அவர் முழங்காலை ஒதுக்கினார்; நான் போனேன். 'இன்றைக்கு நீங்கள் முன்னால் போங்கள்.' நான்கே சொற்கள். வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போவேன். பெஞ்சில் உட்கார்ந்ததும் நாக்கு எழாது. இரண்டு சாண் ஒரு சாணாகக் குறைந்தது. அதற்கே எனக்கு நாலு வருஷம் ஆயிற்று.

அவரை அடக்கம் செய்த மறுமாதம், ஐயர் அழைத்தும் நான் எழவில்லை. ஆண்கள் போனார்கள், பெண்கள் போனார்கள். கடைசியாக நான் போனபோது பாத்திரத்தின் அடியில் ஒரு மிடறுதான் இருந்தது.

வாசலில் அவர் மனைவி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, இன்னிக்கு கடைசீல போற?"

"முழங்கால் வலி" என்றேன்.